கோத்தா ராஜாவுல என் ஓட்டு, இகான்ல அவன் ஓட்டு: ரெண்டும் ஒண்ணா?

கிள்ளான்_பையன் எழுதியது:

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். அரசியல் பகுதியில இதுதான் என் மொத போஸ்ட், தப்பா இருந்தா மாடரேட்டர் வேற இடத்துக்கு மாத்திடுங்க.

ஓட்டு வயசை 18 ஆக்கின உண்டி18 திருத்தம் வந்த பிறகு பேரு தானா வாக்காளர் பட்டியல்ல ஏறிடுச்சு, 2022-ல மொத ஓட்டு போட்டேன். எங்க தொகுதி மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்துக் கோத்தா ராஜா. நாட்டுலயே இந்திய வாக்காளர் விகிதம் அதிகமா உள்ள தொகுதி இதுதான்னு சொல்வாங்க. இங்கயும் நாம மூணுல ஒரு பங்கு கூட இல்ல.

யூனிவர்சிட்டில என் ரூம்மேட் போர்னியோ தீவுல இருக்கிற சரவாக் மாநிலத்துக்காரன், மெலனாவ்ங்கிற பூர்வகுடி. நல்ல பையன். அவன் ஊரு இகான் தொகுதியில வருது. சாப்பிட்டுக்கிட்டே பேசினப்ப கணக்கு வெளிய வந்துச்சு. 2022-ல இகான்ல மொத்த வாக்காளரே 28 ஆயிரம் சொச்சம். எங்க தொகுதியில ரெண்டு லட்சத்துக்கு மேல. ரெண்டு தொகுதிக்கும் ஒரே ஒரு எம்.பி. அவன் சிரிச்சுக்கிட்டே, 'உங்க ஊர்ல ஏழெட்டு பேர் சேர்ந்தாத்தான் நான் ஒருத்தன்'னான். எனக்குப் பதில் வரல.

எனக்குப் புரியாதது இதுதான். நாம மலேசிய இந்தியருங்க ஏறக்குறைய 20 லட்சம் பேர் இருக்கோம். 222 தொகுதியில நாம பெரும்பான்மையா இருக்கிற தொகுதி ஒண்ணு கூட இல்லையே, அது எப்படி? யாராவது திட்டம் போட்டுப் பிரிச்சாங்களா, இல்ல தானா அப்படி ஆச்சா? அப்பாகிட்ட கேட்டா 'நம்ம தலையெழுத்து'ங்கிறார். தலையெழுத்தை யாரு எழுதினான்னு தெரிஞ்சா சொல்லுங்க.


சட்டம்_படிச்சவ எழுதியது:

தம்பி, முதல்ல சட்டப் பக்கத்தைச் சொல்லிடறேன். மத்ததைப் பெரியவங்க சொல்லுவாங்க.

1957-ல எழுதின அரசமைப்புச் சட்டத்துல தொகுதிகளுக்கு இடையே வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல ஏறவோ இறங்கவோ கூடாதுன்னு வரம்பு இருந்தது. அரசமைப்புக்குப் பரிந்துரை தந்த ரீட் ஆணையம் சொன்னது அது. 1962-ல திருத்தினாங்க. நாட்டுப்புறத் தொகுதியில நகரத் தொகுதியோட பாதி வாக்காளர் இருந்தாலே போதும்னு ஆச்சு. எல்லை வரையறதுல எஸ்பிஆருக்கு, அதாவது தேர்தல் ஆணையத்துக்கு, இருந்த கடைசி அதிகாரமும் அப்பவே நாடாளுமன்றத்துக்குப் போச்சு. 1973-ல அந்தப் பாதிங்கிற வரம்பையும் எடுத்துட்டாங்க. இப்ப 13-ஆவது அட்டவணையில இருக்கிறது 'ஏறக்குறைய சமமா இருக்கணும், நாட்டுப்புறத்துக்குச் சலுகை காட்டலாம்'ங்கிற வாசகம் மட்டும்தான். எவ்வளவு சலுகைன்னு எங்கயும் எண் இல்ல. எண் இல்லாத சட்டத்தை வெச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்க.

கடைசியா தீபகற்பத்துல எல்லை மாத்தினது 2018 மார்ச் 28-ல நாடாளுமன்றத்துல நிறைவேறிச்சு. ஏப்ரல் 7-ல நாடாளுமன்றம் கலைஞ்சது. மே 9 தேர்தல், அதுவும் புதன்கிழமை. அன்னிக்கு ஆண்ட பாரிசான் கூட்டணிக்கு அவ்வளவு அவசரம். அப்படியும் தோத்தாங்க, அது வேற கதை.

2013 கணக்கைப் பார்த்தா உனக்கு இன்னும் தெளிவாகும். பாரிசானுக்கு 47 விழுக்காடு ஓட்டு, 133 இடம். எதிர்க்கட்சிக் கூட்டணி பக்காத்தானுக்கு ஏறக்குறைய 51 விழுக்காடு, 89 இடம்.


பழைய_மஇகா எழுதியது:

எல்லாரும் எல்லையைப் பத்தியே பேசுறீங்க. 2004-ல எங்க மலேசிய இந்தியர் காங்கிரஸ், மஇகாவுக்கு நாடாளுமன்றத்துல 9 எம்.பி. இருந்தாங்க. இந்தியர் பெரும்பான்மைத் தொகுதி அப்பவும் ஒண்ணும் கிடையாது. அப்புறம் எப்படி வந்தாங்க? பாரிசான் கூட்டணியில பெரிய மலாய்க்காரக் கட்சியான அம்னோவோட பேசி, மலாய்க்கார ஓட்டு விழுற தொகுதியைக் கேட்டு வாங்கினோம். அதுக்குப் பேர்தான் அதிகாரப் பகிர்வு. இன்னிக்கு 500-க்கு மேல தமிழ்ப்பள்ளி நிக்குதுன்னா அந்தப் பேச்சுவார்த்தையாலதான் நிக்குது. பக்கத்துல சிங்கப்பூர்ல கடைசித் தமிழ்ப்பள்ளியை 1982-லயே மூடிட்டான்.

2007-ல ரோட்டுக்கு வந்து கத்தினீங்க. 2008-ல எங்களை மூணு இடத்துக்குத் தள்ளினீங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு, தாப்பா. சரி, அதுக்குப் பதிலா உங்களுக்கு என்ன கிடைச்சுது? தம்பி அதையும் அவங்ககிட்ட கேட்கணும்.


வாத்தியார்_காப்பார் எழுதியது:

தம்பி கேட்டதுக்கு நீளமாத்தான் பதில் சொல்ல முடியும், பொறுமையா படி. நான் சிலாங்கூர்ல காப்பார் பக்கம் தமிழ்ப்பள்ளியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு எடுப்பாங்க, தெரியும்ல? அப்படி வாக்குச்சாவடித் தலைமை அதிகாரியா, கேடிஎம்னு சொல்வாங்க, உட்கார்ந்தவன் நான்.

பழைய_மஇகா ஐயா சொன்னதுலேருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல பாதி உண்மை. அந்த 9 இடம் அம்னோ கொடுத்த இடம். கொடுத்தவன் கையிலதான் அது இருந்தது. மஇகா எம்.பி. யாருக்குப் பதில் சொல்லணும்? தன்னைத் தேர்ந்தெடுத்த மலாய்க்கார வாக்காளருக்கா, யார் பேரைச் சொல்லி உட்கார்ந்திருக்காரோ அந்தத் தோட்டத்து இந்தியனுக்கா, இடம் கொடுத்த கட்சிக்கா? மூணாவது ஆளுக்குத்தான் பதில் சொன்னாங்க. நான் யாரையும் திட்டலை. அந்த ஏற்பாடே அப்படித்தான் வேலை செய்யும். தமிழ்ப்பள்ளி விஷயத்துல அவர் சொல்றது சரி, அதை மறுக்க மாட்டேன். ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைங்க வீடு எங்க போச்சுன்னும் பார்க்கணும்.

நம்ம ஜனம் ஒரு காலத்துல சேர்ந்துதான் இருந்துச்சு தம்பி. ரப்பர் தோட்டத்துல. ஒரு தோட்டம்னா லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, கிராணி வீடு, தண்டல் வீடு எல்லாம் ஒரே இடத்துல. தேர்தல் வந்தா அந்தப் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி. ஆனா அந்த நிலம் தனியார் நிலம். வெள்ளைக்காரக் கம்பெனி நிலம், பிறகு நம்ம நாட்டுக் கம்பெனிங்க நிலம். இதுதான் முக்கியம். 1971-ல புதிய பொருளாதாரக் கொள்கை வந்தப்ப இனம் பார்க்காம வறுமையை ஒழிப்போம்னு அதோட முதல் குறிக்கோள் சொல்லுச்சு. பணம் போனது மலாய்க்காரக் கம்பத்துக்கும் (கிராமத்துக்கும்) அரசாங்கக் குடியேற்றத் திட்டமான பெல்டா நிலத்துக்கும். தோட்டம் கிராமம்தானே, அங்க ஏன் தண்ணிக்குழாயும் கரண்டும் வரலைன்னா, அது தனியார் இடம், முதலாளியைப் போய்க் கேளுன்னு பதில். மலாய்க்காரர்களும் அன்னிக்கு ஏழைங்கதான். 1970-ல நாட்டோட பங்கு மூலதனத்துல அவங்க கையில இருந்தது 2.4 விழுக்காடு, வெளிநாட்டான் கையில 60-க்கு மேல. அந்தக் கொள்கை வந்ததுக்குக் காரணம் இருந்துச்சு. ஆனா அந்த அறுபதைச் சம்பாதிச்சுக் கொடுத்த பால்மரம் வெட்டினவன் எந்தப் பட்டியல்லயும் வரல. கொள்கை இனத்தை வெச்சு ஏழையைத் தேடுச்சு. இவன் தப்பான இனத்து ஏழை.

குடியுரிமைக் கதை தனி. சுதந்திரம் வந்தப்ப விண்ணப்பம் போட்டுப் பதிஞ்சுக்கணும்னு தெரியாம விட்டவங்க ஏராளம். 1968-ல வேலை அனுமதிச் சட்டம் கொண்டு வந்ததும் குடிமகனுக்குத் தர்ற நீல ஐசி (அடையாள அட்டை) இல்லாதவன் தோட்டத்துல வேலை செய்யறதே சிக்கலாச்சு. பல்லாயிரம் பேர் கப்பலேறி ஊருக்குப் போனாங்க. தங்கினவங்க குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோட தங்கினாங்க. அவங்களுக்கு ஓட்டும் கிடையாது. என் பள்ளிக்கூடத்துல பிறப்புப் பத்திரம் இல்லாம வந்து நின்ன பிள்ளைங்களை நான் சேர்த்திருக்கேன். இந்த நாட்டுல பிறந்த பாட்டியோட இந்த நாட்டுல பிறந்த பேத்தி!

சரி, சேர்ந்திருந்த ஜனம் எப்படிச் சிதறுச்சு? தோட்டத்துண்டாடல்னு கேள்விப்பட்டிருப்பே. வெள்ளைக்காரன் தோட்டத்தைக் கூறு போட்டு விக்க ஆரம்பிச்சதும், ஆளுக்குப் பத்து வெள்ளின்னு வசூல் பண்ணி நாமே வாங்குவோம்னு 1960-ல மஇகா தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நல்ல வேலை, ஆனா வெள்ளத்தைக் கையால தடுத்த மாதிரிதான். 80, 90-களில நகரம் பெருத்து தோட்டத்துக்குள்ள வந்துச்சு. ரப்பர் போயி வீட்டுமனை வந்துச்சு. ஒரு நோட்டீஸ்ல வேலை, வீடு, பள்ளி, கோயில் நாலும் போகும், ஏன்னா நாலும் முதலாளியோடது. குடும்பங்க எங்க போச்சு? மலிவு வாடகை எங்க கிடைச்சுதோ அங்க. சிலாங்கூர்ல, பினாங்குப் பெருநிலத்துல, ஜோகூர் பாரு ஓரத்துல, பத்துப் பத்து குடும்பமா ஐம்பது தாமான்ல (குடியிருப்புப் பகுதியில). எந்தத் தாமான்லயும் பெரும்பான்மை கிடையாது. தம்பி, யாரும் மேசையில உட்கார்ந்து இந்தியனைப் பிரிப்போம்னு கோடு போடலை. நிலத்தை வித்தவன் பணக்கணக்குப் பார்த்தான், நம்ம ஓட்டுக் கணக்கு அதுல சிதறிப் போச்சு.

கோடு போட்டவங்க செஞ்சது அடுத்த கட்டம். அதை உனக்கு ஒரு இடத்தை வெச்சே காட்டறேன். புத்ராஜெயா போயிருப்பே. அது பிராங் பெசார் தோட்டம். அதையும் பக்கத்துத் தோட்டங்களையும் எடுத்துத்தான் நிர்வாகத் தலைநகர் கட்டினாங்க. எங்க சின்னம்மா குடும்பம் அங்கதான். நானூறு குடும்பம் போல டிங்கில்ல அடுக்குமாடிக்கு மாத்தினாங்க. தரை வீடு தரோம்னு வாக்கு. அந்த அடுக்குமாடிச் சுவர்ல விரல் விடுற அளவுக்கு வெடிப்பு வந்ததை நானே பார்த்தேன். சின்னம்மா அந்தத் தரை வீட்டைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாங்க.

இப்ப ஓட்டுக்கு வா. புத்ராஜெயா தனித் தொகுதி ஆச்சு. 2008-ல அங்க மொத்த வாக்காளர் 6,608 பேர், பெரும்பாலும் அரசாங்க ஊழியர். அதே தேர்தல்ல எங்க காப்பார்ல 112,224 பேர். பதினேழு மடங்கு. புத்ராஜெயா நாட்டுப்புறமா? சொல்லு. ஆறு கடந்து, காடு கடந்து போற இடமா அது? அகலமான ரோடு, ஏரி, பாலம். அந்த மண்ணை விட்டு வெளியேறினவங்க டிங்கில் இருக்கிற சிப்பாங் தொகுதியில போய்ச் சேர்ந்தாங்க. அந்த மண்ணுல வந்து குடியேறினவங்க ஆறாயிரம் பேருக்கு ஒரு எம்.பி. வாங்கினாங்க.

நம்ம ஏழை ஜனம் நகரத்து ஓரத்துக்கு வந்தது பிழைக்கிறதுக்கு. நகரத்து ஓரத் தொகுதிங்கதான் இந்த நாட்டுல ரொம்பப் பெருத்த தொகுதிங்க. ஏழையா ஆனதால இங்க வந்தான், இங்க வந்ததால ஓட்டு எடை குறைஞ்சுது, எடை குறைஞ்சதால இவனைத் தேடி யாரும் வரலை. இதுல இனம் எது வர்க்கம் எதுன்னு நீ பிரிச்சுக் காட்டு பார்க்கலாம். புள்ளிவிவரத் துறைக் கணக்கை எடுத்தா இந்தியக் குடும்ப வருமானம் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடிகள்) குடும்ப வருமானத்தைவிட மேலேதான் நிக்குது. ஒரு ஸ்பெஷலிஸ்ட் டாக்டர், ஒரு வக்கீல், எட்டு செக்யூரிட்டி கார்டு. கூட்டி வகுத்தா பத்து பேரும் நல்லா இருக்காங்க.

2008 சங்கதி ஒண்ணு சொல்லணும். ஒரு வாக்குச்சாவடியில சாலுரான் ஒண்ணு ரெண்டுன்னு அறை இருக்கும். வயசு வாரியாப் பிரிப்பாங்க. ஒண்ணாவது சாலுரான்ல தொண்டு கிழங்க, கடைசிச் சாலுரான்ல இளவட்டம். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்தி, அந்த அறையிலயே பெட்டியைக் கொட்டி எண்ணுவோம். கேடிஎம் ஒவ்வொரு சீட்டையும் தூக்கி ஏஜெண்டுங்களுக்குக் காட்டணும். எண்ணி முடிஞ்சதும் போராங் 14 படிவத்துல எழுதிக் கையெழுத்து. அதனால எந்த வயசுக்காரன் யாருக்குப் போட்டான்னு எந்தக் கருத்துக்கணிப்பும் இல்லாமலே எங்களுக்குத் தெரிஞ்சிடும்.

அன்னிக்கு என் அறை ஒண்ணாவது சாலுரான். தோட்டத்துலேருந்து வந்த கிழவிங்க. இவங்களுக்குப் பாரிசானோட தராசுச் சின்னம் தவிர வேற சின்னம் தெரியாது, ஆயுசு பூரா தராசுலதான் குத்தினாங்க. மஇகா கிளைத் தலைவர் ஏஜெண்டா உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷன். எதிர்த்து நின்னது எதிர்க்கட்சியான பிகேஆர். நான் சீட்டைத் தூக்கத் தூக்க, தராசு, தராசு, அப்புறம் பிகேஆர், பிகேஆர், பிகேஆர்... ஒரு கட்டத்துல அவர் குறிப்பு எழுதறதை நிறுத்திட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டார். நான் பாட்டுக்குத் தூக்கிக் காட்டிக்கிட்டே இருந்தேன்.

நவம்பர் 25, 2007-ல இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் இயக்கம் நடத்தின ஊர்வலத்துல கண்ணீர்ப்புகை வாங்கினவங்க இவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. டிசம்பர்ல அஞ்சு தலைவர்களை, விசாரணையில்லாம அடைக்கிற ஐஎஸ்ஏ சட்டத்துல உள்ளே வெச்சாங்க. மார்ச் 8-ல கிழவிங்க கணக்குத் தீர்த்தாங்க. 1974-லேருந்து கையில வெச்சிருந்த சுங்கை சிப்புட் தொகுதியை மஇகா தலைவர் சாமிவேலு இழந்தது அன்னிக்குத்தான். அங்க ஜெயிச்சவர் டாக்டர் ஜெயக்குமார். தோட்டத்துக்காரங்களோட வருஷக்கணக்கா கூட நின்ன ஆளு.

தம்பி, உன் கோத்தா ராஜாவைப் பார். 2004-ல மஇகா. 2008-ல அங்க ஜெயிச்சது யாரு தெரியுமா? பாஸ் கட்சிப் பெண்மணி, டாக்டர் சித்தி மரியா மாமுட். 2013-லயும் அவரே. நாட்டுலயே இந்தியர் ஓட்டு விகிதம் அதிகமா உள்ள தொகுதியில இஸ்லாமியக் கட்சி வேட்பாளருக்கு நம்மாளு ஓட்டுப் போட்டான், ஏன்னா அன்னிக்கு அவனுக்கு வேண்டியது பதில் சொல்ற ஆளு. அதனால 'இந்தியர் பெரும்பான்மைத் தொகுதி வேணும்'னு கேட்கிறதை நான் ஆதரிக்க மாட்டேன். அப்படி ஒண்ணு ரெண்டு வரைஞ்சா நம்மளை அதுக்குள்ள அடைச்சிட்டு மிச்ச 220 பேர் நம்மளைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமப் பண்ணிடுவான். நான் கேட்கிறது ரெண்டு. ஒண்ணு, தொகுதிங்க அளவு சமமா இருக்கணும். இன்னொண்ணை இப்ப யாரும் பேசறதில்ல: நகராண்மைத் தேர்தல்.

பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு மொத மேயர் யாரு? டி.எஸ். இராமநாதன். தொழிற்கட்சிக்காரர், ஆசிரியர், 1957-ல. சீனர் பெரும்பான்மையா உள்ள ஊர்ல. அவர் பேர்ல அங்க ரோடே இருக்கு. ஈப்போவில டி.ஆர். சீனிவாசகம் 1957 இடைத்தேர்தல்லேருந்து சாகிற வரைக்கும் எம்.பி., ஓட்டுப் போட்டவங்க பெரும்பாலும் சீனர்கள். இவங்களுக்கு யாரும் இடம் ஒதுக்கித் தரலை. 1965-ல இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நகராண்மைத் தேர்தலை நிறுத்தினாங்க. மோதல் மறு வருஷமே முடிஞ்சுது. தேர்தல் திரும்ப வரலை. 1976 சட்டத்துல ஒரேயடியா எடுத்துட்டாங்க. நகரத்துல சீனர் அதிகம், தேர்தல் வெச்சா நகரமெல்லாம் அவங்க கைக்குப் போயிடும்னு பயம், இப்பவும் அதே பேச்சு. ஆனா அடிபட்டது யாரு? சாக்கடை, பேருந்து நிறுத்தம், அங்காடிக் கடை லைசென்ஸ், பழைய தோட்டத்துக் கோயில் நிக்கிற நிலம் எல்லாம் நகராண்மைக் கழகத்துக்கிட்ட இருக்கு. அங்க உட்கார்றவன் நியமன உறுப்பினர். ஏழைக்கு நாடாளுமன்றம் ரொம்பத் தூரம்யா. அவன் தினம் முட்டிக்கிற சுவத்துல மட்டும் ஓட்டுப்பெட்டி இல்ல.


சிபு_தமிழன் எழுதியது:

வாத்தியாரய்யா எழுதினதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா தம்பியும் மத்தவங்களும் சரவாக்கைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நான் வேலைக்காக இங்க வந்து குடும்பத்தோட தங்கிட்டேன். உலு ராஜாங் தொகுதி மட்டும் பகாங் மாநிலம் அளவுக்குப் பரந்தது. லாங்ஹவுஸ்ங்கிற நீள வீடுகள் பலதுக்குப் படகுலதான் போகணும். வெறும் தலைக்கணக்குப் பார்த்தா இங்க எம்.பி. ஆளைப் பார்க்கவே முடியாது. அதோட, மலேசியா அமைஞ்சப்ப சபா சரவாக்குக்குக் கொடுத்த இடங்கள் ஒப்பந்தத்தோட ஒரு பகுதி. அதை மலாய்க்காரன் இந்தியன் கணக்கா மட்டும் பார்க்காதீங்க. இகான்ல ஓட்டுப் போடுற மெலனாவும் பணக்காரன் இல்ல.


வாத்தியார்_காப்பார் எழுதியது:

சிபு தம்பி சொல்றது நியாயம். அதனாலதான் நான் இகானை விட்டுட்டு புத்ராஜெயாவைக் காட்டினேன். சரவாக்குக்குச் சலுகை கொடுங்க, அது பேசி ஏத்துக்கிட்டது. சிலாங்கூருக்குள்ளேயே ஏன் இந்த வித்தியாசம்? 2022-ல பாங்கியில மட்டும் 3 லட்சத்துக்கு மேல வாக்காளர். அதே சிலாங்கூர்ல சபாக் பெர்ணம் அதுல கால்பங்கு கூட இல்ல. நடுவுல கடலா இருக்கு?


பழைய_மஇகா எழுதியது:

கிழவிங்க கதையைப் படிச்சேன். அந்தக் கிளைத் தலைவர் மாதிரி நானும் ஒரு அறையில உட்கார்ந்தவன்தான். நாங்க ஏமாத்தினோம்னே வெச்சுக்கோங்க. 2018-ல நீங்க ஆட்சிக்குக் கொண்டு வந்த பக்காத்தான்காரங்க இனப்பாகுபாடு ஒழிப்பு அனைத்துலக ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவோம்னாங்க. எதிர்ப்பு வந்ததும் நவம்பர்லயே வாபஸ். டிசம்பர் 8-ல கோலாலம்பூர்ல வாபசுக்கு நன்றி சொல்லி ஊர்வலமே போனாங்க. ரெண்டு வருஷம் ஆகுறதுக்குள்ள எம்.பி.ங்க கட்சி மாறி ஆட்சியே கவிழ்ந்துச்சு. கட்சித்தாவலைத் தடுக்க 2022 வரைக்கும் ஒரு சட்டம் இல்லை. ஓட்டு எடையைச் சமமாக்கிட்டா இதெல்லாம் சரியாயிடுமா?


வாத்தியார்_காப்பார் எழுதியது:

ஆகாது. மலாய்க்கார ஓட்டு மூணாப் பிரிஞ்சு கிடக்கிற வரைக்கும் எந்த அரசாங்கமும் அந்த மாதிரி கையெழுத்துப் போடப் பயப்படும், அது ஓட்டு எடையால வர்ற பயம் மட்டும் இல்ல. ஆனா எடை சமமா இருந்தா பேரம் பேசறப்ப நம்ம பக்கம் கொஞ்சம் கனமாவது இருக்கும். உங்க காலத்துல நீங்க பேசினதுக்கும் அதுதான் ஐயா குறைஞ்சது.


கிள்ளான்_பையன் எழுதியது:

வாத்தியாரே, ரொம்ப நன்றி. புத்ராஜெயா தோட்டமா இருந்ததுன்னு இன்னிக்குத்தான் தெரியும். எங்க ஸ்கூல் டிரிப் அங்கதான் போனோம், யாரும் சொல்லலை. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். தாத்தாவும் தோட்டத்துலேருந்து நோட்டீஸ் வாங்கி வெளிய வந்தவர்தான்னு அப்பதான் சொன்னார், இத்தனை நாளா சொல்லலை!

சட்டம் படிச்ச அக்கா, ஒரே ஒரு கேள்வி. இதை மாத்தணும்னா நம்மளால ஆகிறது எதுவும் இருக்கா? இல்ல ஃபோரத்துல புலம்பறதோட சரியா?


சட்டம்_படிச்சவ எழுதியது:

இருக்கு. எல்லைச் சீரமைப்பு ரெண்டுக்கு நடுவுல குறைஞ்சது எட்டு வருஷ இடைவெளி வேணும்னு சட்டம். தீபகற்பத்துக்குக் கடைசியா முடிஞ்சது 2018 மார்ச்சு. அதனால 2026 மார்ச்சுக்குப் பிறகு எஸ்பிஆர் எப்ப வேணும்னாலும் தொடங்கலாம். தொடங்கினா வரைவை மக்கள் பார்வைக்கு வைப்பாங்க, ஆட்சேபம் சொல்ல ஒரு மாசம். பாதிக்கப்பட்ட தொகுதியில பதிவான வாக்காளர் 100 பேர் சேர்ந்து எழுத்துல கொடுத்தா எஸ்பிஆர் உள்ளூர் விசாரணை வெச்சே ஆகணும். கட்சி தேவையில்ல, சங்கம் தேவையில்ல. நூறு பேர்.

நடைமுறையில தடுமாறுற இடம் வேற. பேரு, ஐசி எண், கையெழுத்து மூணும் பட்டியல்ல உள்ளபடி இருக்கணும். வீடு மாறியிருப்பாங்க, முகவரி பழைய தொகுதியில கிடக்கும், அந்தக் கையெழுத்து செல்லாது. வாத்தியார் சொன்ன வாடகை வீட்டு ஜனம்தான் இதுல அதிகம் அடிபடும். அதனால வரைவு வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே எஸ்பிஆர் இணையதளத்துல வீட்டுல எல்லாரோட பேரையும் தட்டிப் பாரு, எந்தத் தொகுதின்னு காட்டும். மாத்தணும்னா இப்பவே மாத்து. நூறு பேர் வேணும்னா நூத்தி ஐம்பது கையெழுத்து வாங்கு, முப்பது நாப்பது கழியும்.


வாத்தியார்_காப்பார் எழுதியது:

காப்பார்க்காரங்க யாராவது இதைப் படிச்சா தனிச்செய்தி போடுங்க. பட்டியல் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். மலாய்க்கார, சீன அண்டைவீட்டுக்காரங்க பேரும் அதுல இருக்கு, தொகுதி பெருத்துக் கிடக்கிறது அவங்களுக்கும்தான். கோத்தா ராஜாவுக்குக் கிள்ளான் தம்பியே ஒண்ணு தொடங்கட்டும், படிவம் எப்படின்னு நான் சொல்லித் தரேன்.